முத்தம்மாவின் நீளக்கை ரவிக்கை

“நீ எனக்குத் தங்கச்சியே இல்லடீ! போ, போயி அந்தத் தாடிக்காரன் கால்லயே கெட!”

“போறேன்னுதானே சொல்றேன்! நீதான பொட்டிய புடிச்சிக்கினு வுட மாட்டேன்ற!”

“பொட்டி நான் வாங்கித் தந்தது!”

“அப்ப நீயே வெச்சிக்கோ. அங்க பொட்டியெல்லாம் தேவையில்ல.”

1997 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. ஈஜிபுராவில் முனிகிருஷ்ணன் காம்பவுண்டுக்குக் காவேரித் தண்ணீர் வருகிற நாள். ஏழு வீட்டுக்கும் ஒரே குழாய். குடங்கள் வரிசையாக நின்றன, குடங்களுக்குப் பின்னால் ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாகப் பெண்கள் நின்றார்கள். முதல் குடம் நிரம்பி வழிந்து, முற்றம் நனைந்து, வாசற்கோலம் ஒன்று கரைந்தும் போயிற்று. குடத்தை யாரும் நகர்த்தவில்லை. தண்ணீர் நாளை மறுநாளும் வரும். இப்படி ஒரு சண்டை வருமா?

மூன்றாம் நம்பர் வீட்டு வாசலில், அடுத்த திங்கட்கிழமைப் பயணத்துக்கு முன்கூட்டியே கொடுத்தனுப்பக் கட்டிய ஒரு நீலப் பெட்டியின் இந்தப் பக்கக் கைப்பிடி அசோகன் கையில், அந்தப் பக்க மூலை அவன் தங்கை விஜியின் கையில். இருவருக்கும் நடுவில், தோசைக் கரண்டியோடு, அசோகனின் மனைவி முத்தம்மா. அசோகன் பொம்மனஹள்ளியில் லேத் பட்டறை ஆள். மிஷின் சத்தத்தை மிஞ்சிப் பேசியே பழகியவன் என்பதால் அவன் மெதுவாகச் சொல்வதே மூன்றாவது கிராஸ் தெரு வரை கேட்கும். அன்று மெதுவாகச் சொல்லவில்லை.

“ஏழு வருஷமா சோறு போட்டாளே உங்க அண்ணி, அவ மூஞ்சிய பாத்து சொல்லுடீ! திங்கக்கெழம போனா மூணு வருஷத்துக்கு வரமாட்டேன், லெட்டர் போடமாட்டேன்னு அவகிட்ட சொல்லு!”

விஜி பெட்டியை விட்டாள். அசோகன் பெட்டியோடு இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். குழாயடியில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

“நீ கத்துவேன்னு அய்யா போன மாசமே சொல்லிட்டாருண்ணா,” என்றாள் விஜி. குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “பொட்டிய புடிச்சி இழுப்பாங்க, சோத்துக் கணக்கு சொல்லுவாங்க, இதான் கடைசி வாசல், இதத் தாண்டிட்டா அப்புறம் வெளிச்சம்தான்னு சொன்னாரு. அப்படியே நடக்குது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதுவரை கத்திக்கொண்டிருந்த பெண் எப்படிச் சிரித்தாள் என்று குழாயடியில் அன்று பூராவும் பேசினார்கள். முத்தம்மா மட்டும் தோசைக் கரண்டியைக் கீழே இறக்கினாள். இத்தனை நாள் தானும் அசோகனும் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் அந்த ஆள் எழுதித் தந்த வசனம்போல் ஆகிவிட்டதே என்று அந்த நிமிடம்தான் அவளுக்கு உறைத்தது.

“நீ வேலைக்குப் போய்யா,” என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். “இனிமே இந்த வூட்ல யாரும் கத்தக் கூடாது.”

“நானா கத்தறேன்?” என்று அசோகன் கத்தினான்.

முத்தம்மாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அவளே சொல்லியிருப்பாள், எல்லாரைப் பற்றியும் நாற்பது வார்த்தை சொல்லுகிறவள்தான். பர்கூர்ப் பக்கத்திலிருந்து அசோகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது விஜிக்கு வயது பதினைந்து, தாயும் தகப்பனும் இல்லை. அண்ணியும் நாத்தனாரும் என்றால் என்ன நடக்கும் என்று காம்பவுண்டே காத்திருந்தது. ஏமாற்றம்தான் மிச்சம். இரண்டு பேரும் மாலை ஆறு மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்தால் எட்டு வரைக்கும் பேச்சு. விஜி பொம்மனஹள்ளியில் துணிக் கம்பெனி ஒன்றில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிற வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு அறுநூறு கை. ஒவ்வொரு நாளும் ஒரு சேதியாவது கொண்டு வருவாள்: சூப்பர்வைசர் யாரைப் பார்த்துச் சிரித்தார், கட்டிங் செக்‌ஷனில் யாருக்கு யாரோடு பேச்சில்லை. முத்தம்மா அதற்குப் பதிலாகக் குழாயடிச் சேதி கொடுப்பாள். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் அவர்கள் வீடு சண்டையில்லாமல் ஓடியது.

அந்தச் சேதி நின்றதுதான் முத்தம்மா கண்ட முதல் அறிகுறி.

விஜியின் பக்கத்து மிஷினில் காலர் வைக்கிற வீணா, எட்டு மாதத்துக்கு முன் அவளை நிறைதீப சபைக்கு அழைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஜனை, அப்புறம் பொங்கல். முதல் நாளே அறுபது பேர் எழுந்து நின்று விஜிக்காக ஒரு பாட்டுப் பாடினார்களாம். தாயில்லாத பெண்ணுக்கு அறுபது தாய். அவள் அழுதுகொண்டே வந்து சொன்னபோது முத்தம்மாவுக்கும் கண் கலங்கியது. கும்பிடுகிற காரியம், நல்லதுதானே என்றுதான் நினைத்தாள். மூன்று மாதம் போனதும் அடுப்படியில் “இன்னாடி சேதி?” என்றால், “மனசு நிறைஞ்சிருக்கு அண்ணி” என்று பதில் வந்தது. ஒருநாள் வீணா வீட்டுக்கு வந்தாள். “எப்படிம்மா இருக்கே?” என்றதற்கு அவளும் “மனசு நிறைஞ்சிருக்கு அக்கா” என்றாள். அதே ராகம், அதே தலையாட்டல். இரண்டு பெண்களுக்கு ஒரே வாய் எப்படி வந்தது?

பிறகு ஒன்றொன்றாக. எதிர்வீட்டு பியாட்ரிஸின் அக்கா மகள் ஐரின், விஜியோடு ஒன்றாகப் படித்தவள், அவள் கல்யாணத்துக்கு விஜி போகவில்லை. அன்றைக்குச் சபையில் பாத்திரம் கழுவுகிற முறை. இரண்டாவது கிராஸில் ஒரு அம்மா சபையை விட்டு நின்றுவிட்டாள். அவளைத் தெருவில் கண்டதும் விஜி எதிர்ப்பக்கம் போனாள். ஏன் என்று கேட்டால், “அவங்க அணைஞ்சவங்க அண்ணி” என்றாள். உயிரோடு தக்காளி வாங்கிக்கொண்டிருந்தவளை!

முத்தம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே போய்ப் பார்த்தாள். இரண்டு பேர் விசிறினார்கள், ஒருத்தி செருப்பைத் துடைத்து வைத்தாள். விஜி சொன்ன அய்யா, தீபய்யா, மேடையில் இருந்தார். வெள்ளைத் தாடி, வெள்ளை ஜிப்பா, குரலில் தேன். முத்தம்மா பக்கத்திலிருந்தவளிடம், புது மனிதரைக் கண்டால் எந்தப் பெண்ணும் கேட்கிற சாதாரணக் கேள்விகளைக் கேட்டாள். அய்யாவுக்கு எந்த ஊர்? பெண்டாட்டி உண்டா? அம்மா அப்பா இருக்கிறார்களா? இந்தத் தாடிக்கு முன்னால் என்ன வேலை?

பக்கத்திலிருந்தவள் கோபப்படவில்லை, பயந்துபோனாள். “அதெல்லாம் கேட்டா தலைபாரம் வரும்மா,” என்றாள். எட்டு வருஷமாக வருகிறவளுக்கே அவர் ஊர் தெரியாது. ஆனால் அவருக்கு எல்லாரையும் தெரியும். “உன் வீட்டில் மேற்குப் பார்த்த அறையில் ஒரு சண்டை நடந்ததே, மகளே” என்று ஒருத்தியிடம் சொன்னார். “அக்காவின் பொட்டுக் கம்மலைப் பார்த்துப் பொறாமைப்பட்டாயே” என்று இன்னொருத்தியிடம் சொன்னார். கூட்டம் விம்மியது.

முத்தம்மா அதை மதிப்போடுதான் கேட்டாள், ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை மதிக்கிற மாதிரி. குழாயடியில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்லுவார்கள், வாங்கினால் கொடுக்க வேண்டும். இங்கே இருநூறு பேர் சேதியும் ஒருத்தரிடம் போகிறது, அவரைப் பற்றி ஒரு சேதி வெளியே வரவில்லை. இப்படிப்பட்ட மனிதரை அவள் கண்டதில்லை. அசோகனிடம் சொன்னாள். அசோகன் கத்தினான். அவளும் சேர்ந்து கத்தினாள். விளைவு, சபையின் ஆசிரமமான தீபவனத்தில் மூன்று வருஷம் இருக்கப் போவதாக விஜி கட்டிய பெட்டி.

அன்று மத்தியானம் துவைக்கிற கல்லில் பியாட்ரிஸ் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, அன்று அவளுக்கு வார லீவு. எதிர்வீட்டுச் சண்டையை முழுசாகக் கேட்க முடிந்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி, அதை மறைத்துக்கொண்டு துணியை ஓங்கி அடித்தாள்.

“எங்க ஆம்ப்ரோஸ் மாமா கதை உனக்குத் தெரியுமில்ல முத்தக்கா?”

“குடையோட வந்தாரே?”

“அதேதான். ஒரு ஜெபக் கூட்டம். எங்க சர்ச்சு இல்ல, தனியா ஒருத்தன் ஷெட்டு போட்டு நடத்தினான். உலகம் எண்பத்தெட்டு ஜூன்ல முடியப் போவுதுன்னான். மாமா கூடவே கெளம்பிட்டாரு. எங்க அம்மா ரோட்ல உருண்டு அழுதாங்க, தியோடர் அண்ணன் அடிக்கவே போயிட்டாரு. நாங்க கத்தக் கத்த அவரு வேகமா நடந்தாரு மேன்! ஜூன் போச்சு, ஜூலை போச்சு. ஆறு வருஷம் கழிச்சி ஒரு கொடையோட வந்தாரு. வந்து இன்னா சொன்னாரு தெரியுமா? ‘ஜூலைலயே வந்திருப்பேன். ஆனா நீங்க சிரிப்பீங்களேன்னு வரல’ன்னாரு.”

முத்தம்மா சோப்பைக் கீழே வைத்தாள்.

“அப்போ கத்தவும் கூடாது, சிரிக்கவும் கூடாது.”

“ம்.”

“அந்தாளு சொல்றது பொய்யின்னு நான் சொல்லக் கூடாது. அவளே கண்ணால பாக்கணும்.”

“பாத்தாலும் நம்ப மாட்டா. அவருக்கு ஞானக்கண்ணுன்றா. ‘நான் யார்கிட்டயும் சொல்லாதத சொன்னாரு, எப்படி?’ன்னு என்னயே கேட்டா.”

எப்படி என்பதில் முத்தம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் சபையில் எல்லாரும் மனசில் இருப்பதை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டிக் கொடுப்பார்கள். தன் பாவம், கேட்ட சேதி, வீட்டு ரகசியம், ஒன்று விடாமல். கவரை யாரும் பிரிக்காமல் திரைக்குப் பின்னால் விளக்கில் எரிப்பதாகச் சொல்லி, மறுநாள் அந்தச் சாம்பலை நெற்றியில் இடுவார்கள். சாம்பல் நிஜம்தான், விஜி நெற்றியில் பார்த்திருக்கிறாள். எது எரிந்த சாம்பல் என்பதுதான் கேள்வி. கேட்டால் தலைபாரம் வரும்.

கேட்காமல் தெரிந்துகொள்வது எப்படி? முத்தம்மாவிடம் அதற்கு ஒரு பழைய வழி இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் குழாயடிப் பேச்சு வீட்டுக்காரர் முனிகிருஷ்ணனின் மனைவி காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் போட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. முத்தம்மா மூன்று பெண்களிடம் தனித்தனியாக, வீட்டுக்காரரின் மகளுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறது என்று சொன்னாள். ஒருத்தியிடம் கோலார் மாப்பிள்ளை, ஒருத்தியிடம் தும்கூர், ஒருத்தியிடம் மண்டியா. மறுநாள் வீட்டுக்காரம்மா வந்து, “யாருடி எம் பொண்ண தும்கூருக்குக் கொடுத்தது?” என்று கத்தினாள். மாப்பிள்ளையே கிடையாது. ஆனால் தும்கூர்க்காரி அகப்பட்டாள்.

நிஜமான ரகசியத்தைச் சொன்னால் ஞானக்கண் என்பார்கள். நடக்கவே நடக்காத ஒன்றை ஞானக்கண் எப்படிப் பார்க்கும்?

பொய்க்கு ஒரு இடம் வேண்டும். ஏற்கெனவே ஊருக்கு ஒரு சந்தேகம் இருக்கிற இடமாகப் பார்த்து வைத்தால்தான் அது வேர் பிடிக்கும். முத்தம்மாவிடமே அப்படி ஒரு இடம் இருந்தது. வந்த நாள் முதல் அவள் முழங்கை வரைக்கும் நீளமான கை வைத்த ரவிக்கைதான் போடுவாள். மே மாத வெயிலிலும் அதுதான், நைட்டிக்கு உள்ளேயும் அதுதான். ஏன் என்று குழாயடியில் பல கட்சிகள். சூடு போட்ட தழும்பு என்று ஒரு கட்சி, தேமல் என்று ஒரு கட்சி. விஜிக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்து விட்டுவிட்டாள்.

புதன்கிழமை மாலை. அவரைக்காய் காலம். ஊறவைத்த கொட்டைகளைப் பிதுக்கிப் பருப்பு எடுத்துக்கொண்டு முத்தம்மா அடுப்படியில் உட்கார்ந்தாள். விஜி கம்பெனியிலிருந்து வந்து ஒதுங்கி நின்றாள்.

“வாடி. பிதுக்கு. இன்னும் நாலு நாளுதான நீ இருக்கப் போற.”

விஜிக்கு நம்பிக்கை வரவில்லை. “திட்டப் போறியா?”

“இல்ல. யோசிச்சேன். ஞாயித்துக்கெழம வழியனுப்ப வூட்டுக்காரங்க வரணுமாமே. நான் வர்றேன். அண்ணனும் வருவாரு.”

விஜி அப்படியே வந்து அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். முத்தம்மா இன்னொரு கை கொட்டையை அள்ளினாள். இவளிடமா பொய் சொல்வது? ஏழு வருஷத்தில் ஊரெல்லாம் புரளி விட்டிருக்கிறாள், இந்தப் பெண்ணிடம் ஒன்றுகூடச் சொன்னதில்லை. ஒரு கொட்டையைப் பிதுக்கினாள். பருப்பு எகிறி எங்கேயோ போய் விழுந்தது.

“தீபவனம் அத்திபெலே தாண்டித்தான்றியே. அந்த ஊரு பேர கேட்டாலே எனக்கு ஒரு மாதிரி ஆவுது விஜி. அதான் அன்னிக்கு அப்படிக் கத்திட்டேன்.”

“ஏன் அண்ணி?”

“கல்யாணத்துக்கு முன்னாடி அங்க எங்க சித்தி வூட்ல கொஞ்ச நாள் இருந்தேன். லாரி ஷெட்ல ஒருத்தன். கோவிந்தன்னு பேரு.” நிறுத்தினாள். நிறுத்த வேண்டிய இடம் அவளுக்குத் தெரியும். “திருவிழாவுல அவன் பேர பச்ச குத்திக்கினேன். இங்க.” இடது தோளை ரவிக்கைக்கு மேலேயே தொட்டாள். “அதான் இந்த நீளக்கை. உங்க அண்ணனுக்கு வேற ஒருத்தரு பேருன்னு சொல்லி ஒப்பேத்திட்டேன். எங்க தாத்தான்னு. நீ யார்கிட்டயும் சொல்லாத.”

விஜி கண்ணை விரித்துக்கொண்டு இருந்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய விஜி வந்து போனாள். பிறகு மெதுவாக, “சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணி,” என்றாள்.

எழுதுவாளா, மாட்டாளா? வெள்ளிக்கிழமை விஜி சபைக்குப் போனபோது முத்தம்மா சோறு வடிக்க மறந்தாள். எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு சேதிதான். இவளுக்கென்று ஒரு மூலை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். எழுதினால் இருநூறு பேர் முன்னால் தன் மானம் போகும். போகட்டும். சனிக்கிழமை விஜி வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, பச்சைக் கட்டம் போட்ட ரவிக்கையை எடுத்தாள். பிளேடு முனையால் இடது கைத் தையலைத் தோளைச் சுற்றி ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தாள். பிரித்த இடத்தை நாலு ஊக்குகளால் உள்பக்கமாகக் கோத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளி கல்யாண மண்டபம். மேடையில் வாழைமரம், விளக்கு, மைக். மறுநாள் தீபவனம் போகிற நாலு பேருக்கு வெள்ளைச் சேலை. நாலில் விஜி ஒருத்தி, வீணா ஒருத்தி. அசோகனை முத்தம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு அழைத்து வந்திருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது. ஏன் என்று சொல்லவில்லை, சொன்னால் மூன்றாவது கிராஸுக்குக் கேட்டிருக்கும். அவன் வெற்றிலையை வாய் நிறைய அடக்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தான்.

விஜியின் முறை வந்தது. தீபய்யா அவள் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். மைக் உஸ் என்றது.

“இந்தக் குழந்தையின் வீட்டில் ஒரு கறை இருக்கிறது,” என்றார். “எனக்குத் தெரிகிறது. ஒரு பெண். மூடிய கை. மூடிய கைக்குள், தோளில், பச்சையாக ஒரு பெயர். அவள் கணவன் பெயர் அல்ல. கோவிந்தன் என்று தெரிகிறது. மகளே, நீ போவது உனக்காக மட்டும் அல்ல. அந்தக் கறையைக் கழுவத்தான் நீ எரிய வேண்டும்.”

கூட்டம் விம்மியது. விஜியின் முகம் வெள்ளைச் சேலையைவிட வெளுத்தது. அவள் அண்ணியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அசோகன் வெற்றிலையை விழுங்கிவிட்டு எழுந்தான்.

“இன்னாது? கோவிந்தனா?”

“உக்காருய்யா,” என்றாள் முத்தம்மா. அவன் உட்கார்ந்தான். இதைக் காம்பவுண்டில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள்.

முத்தம்மா எழுந்து மேடைக்கு நடந்தாள். அய்யா புன்னகை செய்தார். இப்படிப்பட்ட பெண்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். வருவார்கள், காலில் விழுவார்கள், அழுவார்கள். தோளைத் திறந்து காட்டுகிறவள் எவள்? அந்த வெட்கத்தை நம்பித்தான் அவர் அத்தனை துல்லியமாகச் சொல்லியிருந்தார்.

“அந்தப் பொம்பள நான்தாங்க,” என்றாள் மைக்கில். “அய்யா சொன்ன பேரு இங்க இருக்குதான்னு எல்லாரும் பாத்துக்குங்க.”

முதல் ஊக்கு. இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் மக்கர் செய்தது, நிதானமாகக் கழற்றினாள். நாலாவது. ரவிக்கையின் கை வளையல் வரை வழுக்கி இறங்கியது.

தோளில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, புடைத்து, சுருங்கி, சிறுவயதில் அம்மை குத்தின தழும்பு. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வடை என்று கேலி செய்ததால் பத்து வயதிலிருந்து முத்தம்மா மூடிவைத்த அழகு அதுதான். பச்சையும் இல்லை, கோவிந்தனும் இல்லை.

“அழித்திருப்பாய், அம்மா,” என்றார் அய்யா. தேன் கொஞ்சம் கெட்டிப்பட்டிருந்தது.

“இது அம்மை குத்தின தழும்புங்க, உங்கள்ல பாதிப் பேருக்கு இருக்கும். தவிர, அப்படி ஒரு ஆளே கெடையாது. அத்திபெலேவுல எனக்குச் சித்தியே கெடையாது.” முத்தம்மா கூட்டத்தைப் பார்க்காமல் விஜியை மட்டும் பார்த்தாள். “புதன்கெழம சாயங்காலம் நான் கட்டின கதை. ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்.”

யாரோ மைக்கை அணைத்தார்கள். மேளத்தை அடித்தார்கள். நாலு தொண்டர்கள் வந்து முத்தம்மாவைச் சுற்றி நின்று, “அம்மா வாங்க, தண்ணி குடிங்க,” என்று பாசமாகத் தள்ளினார்கள்.

விஜி தழும்பைப் பார்க்கவில்லை. ரவிக்கையைப் பார்த்தாள். நாளைக்கு அறுநூறு கை வைக்கிறவள் கண் அது. இழுத்துக் கிழித்த துணி அப்படி விடாது. தையலை ஒவ்வொரு கண்ணாக முன்னாலேயே பிரித்திருக்கிறார்கள், துணியில் பிசிறுகூட இல்லை. அய்யா என்ன சொல்லப் போகிறார் என்று அண்ணிக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும்? தான் எழுதுவோம் என்று தெரியும். எழுதினால் பிரிப்பார்கள் என்று தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கவரில் மட்டும்தான் எழுதினாள், “எங்க அண்ணிய காப்பாத்துங்க” என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்து.

“அய்யா,” என்றாள் விஜி. மேளச் சத்தத்தில் பக்கத்திலிருந்த வீணாவுக்கும் அய்யாவுக்கும்தான் அது கேட்டது. “கவர எரிச்சிடறோம்னு சொன்னீங்களே?”

எட்டு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. அய்யா மேளத்தை இன்னும் உரக்க அடிக்கும்படி கையசைத்தார். கேட்டவளுக்குத் தலைபாரம் வரவில்லை.

முத்தம்மா அதைக் கேட்கவில்லை. வெளியே வந்துவிட்டாள். அவள் செய்ததிலேயே கடினமான காரியம் இதுதான்: திரும்பிப் பார்க்காமல் வெளியே வருவது. கையைப் பிடித்து இழுத்தால் மறுபடி அது பெட்டிச் சண்டையாகிவிடும், அந்த ஆள் எழுதின வசனமாகிவிடும். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். தொங்குகிற ரவிக்கைக் கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அசோகன் பக்கத்தில் வந்து நின்றான்.

“யாருடி கோவிந்தன்?”

“உங்க தாத்தா.”

“போயி அவள இழுத்துக்கினு வரட்டா?”

“நின்னா நில்லு. இல்லன்னா வூட்டுக்குப் போ.”

ஒரு பஸ் வந்து போயிற்று. இன்னொன்று வந்து போயிற்று. கண்டக்டர், “ஏனம்மா, ஹத்தல்வா?”, ஏறவில்லையா என்று கன்னடத்தில் கேட்டான். முத்தம்மா ஏறவில்லை. மண்டபத்தில் மேளம் நின்று பஜனை தொடங்கியது. அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு அத்திபெலேவுக்குப் போய் அந்தக் கேட்டில் நிற்பேன். நாளை மறுநாளும் நிற்பேன். கத்த மாட்டேன், சிரிக்க மாட்டேன். நிற்பேன்.

மூன்றாவது பஸ் போன பிறகு எதிர்ப்பக்கத்தில் வெள்ளைச் சேலை ஒன்று ரோட்டைக் கடக்கத் தெரியாமல் தவித்தது. செருப்பு இல்லை, யாரோ துடைத்து எங்கேயோ வைத்துவிட்டார்கள். அசோகன் போக எடுத்த காலை முத்தம்மா தன் காலால் மிதித்தாள். விஜி தானே கடந்து வந்தாள்.

வந்தவள் அழவில்லை. முந்தானையை விலக்கி ரவிக்கையைப் பார்த்தாள்.

“இப்படியேவா பஸ்ல வரப் போற? ஊக்க குடு.”

முத்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு ஊக்கையும் கொடுத்தாள். விஜி குத்தினாள். மூன்றாவதில் அவள் கை நின்றது.

“எங்கிட்டயே பொய் சொல்லிட்ட இல்ல அண்ணி?”

“ஆமா.”

“இனிமே சொல்லாத.”

“நீ சேதி சொன்னா நான் ஏன் பொய் சொல்றேன்?”

நாலாவது ஊக்கையும் குத்தினாள். முந்தானையை இழுத்து அதன்மேல் போர்த்திவிட்டு, “கட்டிங் செக்‌ஷன் மாஸ்டரு பொண்டாட்டி கோச்சிக்கினு தாய்வீட்டுக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு, தெரியுமா?” என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

வீட்டுக்கு வந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்தால் தண்ணீர் வரிசையில் குடம் கடைசிக்குப் போகும் என்று முத்தம்மா ஏழு வீட்டுக்கும் சொல்லிவைத்திருந்தாள். விஜி நாலு மாதம் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள், பஜனைச் சத்தம் கேட்டால் நடுங்கினாள். மெல்லத்தான் ஆறிற்று.

முத்தம்மா அய்யாவை விடவில்லை. இரண்டு மாதத்தில், பியாட்ரிஸின் ஆஸ்பத்திரிப் பழக்கம் வழியாக அவர் ஊர் பேர் வந்து சேர்ந்தது. பெயர் சுந்தரேசன். முன்னால் குக்கர் விற்றவர். மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள், கோயம்புத்தூரில், அவரைத் தேடிக்கொண்டு. முத்தம்மா அதைக் குழாயடியில் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், போதுமானதாக இருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் சபைப் பலகை இறங்கியது. நாற்பது குடும்பம் அவரோடேயே வேறு ஊருக்குப் போயிற்று. எல்லாருக்குமா அண்ணி இருக்கிறாள்?

வீணா அந்தத் திங்கட்கிழமையே தீபவனம் போனாள். விஜியின் கேள்வி அவள் காதிலும் விழுந்ததுதான். நாலு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, மைசூரில் அத்தை வீட்டில் இருந்தாள். விஜி மாதம் ஒரு முறை போவாள். எதுவும் கேட்க மாட்டாள், கம்பெனிச் சேதி மட்டும் சொல்லிவிட்டு வருவாள்.

விஜி 1998-இல் அதே கம்பெனி மெக்கானிக் உமேஷைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் பாதி கன்னடம், பாதி தமிழ். முதலில் பொம்மனஹள்ளியில் இருந்தார்கள், பிறகு ஓசூருக்குப் போனார்கள். கல்யாணத்துக்கு அண்ணிக்கு அவளே ரவிக்கை தைத்தாள், குட்டைக் கை வைத்து. தழும்பு பளிச்சென்று தெரிய முத்தம்மா பந்தி பரிமாறினாள். குழாயடி மொத்தமும் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனது.

பார்த்தும் என்ன? ஆஸ்பத்திரிக்குப் போய் அழித்துவிட்டாள் என்று இரண்டாவது கிராஸில் ஒரு கட்சி கடைசிவரை இருந்தது. 2003-இல் அசோகனும் முத்தம்மாவும் ஈஜிபுராவைக் காலி செய்து, விஜிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அத்திபெலேவுக்கு வீடு மாறினார்கள். வண்டியில் சாமான் ஏற்றும்போது, “நம்ம கோவிந்தன் ஊருக்கே போறோம்டீ!” என்று அசோகன் மெதுவாகத்தான் சொன்னான். மூன்றாவது கிராஸ் வரை கேட்டது. போதாதா? முனிகிருஷ்ணன் காம்பவுண்டில் இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறார்கள்.